குடையும் கையுறையும்

"கையுறை விற்கிறதுக்கா வீட்டுப் பத்திரத்தை பாங்கியிலே கொண்டு வெச்சேன்?"

என் அக்கா இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அக்காவின் கேள்விகளில் இரண்டு ரகம் உண்டு. பதிலை எதிர்பார்த்துக் கேட்பவை ஒரு ரகம். குற்றவாளி நான்தான் என்பதை எனக்கு ஞாபகப்படுத்துவதற்காகக் கேட்பவை இன்னொரு ரகம். இது இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தது. அத்திம்பேர் காலமான பிறகு, பெண்ணை அமெரிக்காவுக்கு அனுப்பி மேல்படிப்புப் படிக்க வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். தாய்மாமன் என்ற ஹோதாவில் பாங்கிக் காகிதத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவனும் நானே. கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனவனுக்கு, வேறு யாராவது பட்டம் வாங்கினால் தேவலை என்று ஓர் ஆசை இருக்கும். அந்த ஆசையின் செலவைத்தான் அக்கா ஏற்றுக்கொண்டிருந்தாள்.

2016-ம் வருஷம் ஜனவரி மாதம். பெண் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம். சரக்கு எங்கே உற்பத்தியாகி, எந்தக் கிடங்கில் தங்கி, எப்போது கடைக்கு வர வேண்டும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. அதில் ஒரு பகுதியாக ஒரு கம்பெனியில் சில வாரங்கள் பயிற்சி வேலை பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பெரிய பெரிய கம்பெனிகளில் இடம் பிடித்தபோது, எங்கள் பெண்ணுக்குக் கிடைத்தது பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்குக் கையுறை செய்து விற்கும் ஒரு சின்னக் கம்பெனி. வேலை, டென்வரில் நடக்கும் பனி விளையாட்டு வர்த்தகக் கண்காட்சியில் அந்தக் கம்பெனியின் ஸ்டாலில் நிற்பது.

கும்பகோணத்தில் பிறந்த பெண். இருபத்தொரு வயது வரையில் அவள் பார்த்த பனியெல்லாம் மார்கழி மாதத்துப் பனியும், ஐஸ்கிரீம் வண்டியில் உறைந்திருக்கும் பனியுந்தான். அவளை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

பிற்பாடு நான் அவளிடமே கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பனிச்சறுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க, மாமா. தெரியாது, ஆனா இந்த ஊர்லே என்னைவிட யாருக்கும் கை விறைக்காது, எந்தக் கையுறை நல்ல கையுறைன்னு என்னாலே சொல்ல முடியும்னு சொன்னேன். அந்த அம்மா சிரிச்சுட்டாங்க."

அந்தச் சமயத்தில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் பேசுவதற்காக என்னை அமெரிக்காவுக்கு அழைத்திருந்தார்கள். "நீ போய் உன் கண்ணாலே பார்த்துட்டு வா. அவ என்ன பண்றான்னு எனக்கு உள்ளபடி சொல்லு" என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டாள். இலக்கியப் பிரசங்கத்தை முடித்துக்கொண்டு, ஒற்றன் வேலைக்கு டென்வர் போய்ச் சேர்ந்தேன்.

டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. சரியாக ஒரு மைல். ஊர் முழுவதும் பனியால் மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டோடு இறங்கினேன். பளபளவென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பனியெல்லாம் மேற்கே தெரிந்த ராக்கி மலைத்தொடரின் தலையில்தான். ஆனால் காற்று ஒரே வறட்சி. முதல் நாள் மாடிப்படி ஏறியவுடனே மூச்சு வாங்கியது. "தண்ணி நிறையக் குடிங்க, மாமா. இங்கே வர்றவங்க எல்லாருக்கும் முதல்லே தலை கிறுகிறுக்கும்" என்றாள் பெண். இந்தத் தலைகிறுகிறுப்பு பின்னால் என் கதையில் வருகிறது. வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்காட்சிக்குள் பொதுஜனங்களுக்கு அனுமதி கிடையாது. கடைக்காரர்கள், சரக்குச் செய்கிறவர்கள், ஏஜெண்டுகள், பத்திரிகைக்காரர்கள் ஆகியோர் மட்டுந்தான் போகலாம். பெண் தன் மேலாளர் அம்மாளிடம் சொல்லி எனக்கு ஒரு விருந்தினர் அட்டை வாங்கி வைத்திருந்தாள். அதில் என் பெயருக்குக் கீழே கையுறைக் கம்பெனியின் பெயர் அச்சிட்டிருந்தது. இருபது வருஷம் கதை எழுதியும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டம் கிடைக்காதவன், ஒரே நாளில் கையுறை வியாபாரி ஆகிவிட்டேன்.

கண்காட்சி மண்டபத்தின் வாசலில் ஒரு நீலக் கரடி நிற்கிறது. நாற்பது அடி உயரம். இரண்டு முன்னங்கால்களையும் கண்ணாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறது. லாரன்ஸ் அர்ஜென்ட் என்ற சிற்பி செய்தது. 2005-ம் வருஷம் அங்கே வைத்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு பாசம் உண்டாகிவிட்டது. நானும் அந்த ஜாதிதானே?

உள்ளே போனால் நம்முடைய திருவிழாக் கடைத்தெருவைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாற்போல இருந்தது. ஸ்கீ கட்டைகள், ஸ்னோபோர்டுகள், பூட்ஸுகள், தலைக்கவசங்கள், கண்ணாடிகள், கோட்டுகள். வர்ணங்களைப் பார்த்தால் கண் கூசும். ஆனால் ஒரு சாமானைக்கூட அங்கே காசு கொடுத்து எடுத்துக்கொண்டு வர முடியாது. எல்லாம் மாதிரிச் சரக்கு. அடுத்த குளிர்காலத்தில் என்ன விற்கப் போகிறது என்பதை இந்தக் குளிர்காலத்தின் நடுவிலேயே கடைக்காரர்களுக்குக் காட்டி ஆர்டர் எழுதுகிற இடம் அது. இந்தத் தொழில்காரர்களின் சங்கம் 1954-ல் ஏற்பட்டது. கண்காட்சியை வெகுகாலம் லாஸ் வேகஸில் நடத்திவிட்டு 2010-ல் டென்வருக்குக் கொண்டுவந்தார்கள்.

பெண் எனக்கு ஸ்டால் ஸ்டாலாகக் காட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் பிடிவாதம் இருந்தது. ஹோவர்ட் ஹெட் என்று ஒருவர். ஆகாய விமானக் கம்பெனியில் இஞ்சினீயர். 1947-ல் முதல் தடவையாகப் பனிச்சறுக்குப் பழகப் போனார். சரியாக வரவில்லை. நம்மவர் கூடம் கோணல் என்பது போல, அவர் கட்டைதான் மோசம் என்றார். ஆனால் அத்தோடு விடவில்லை. விமானத்துக்கு உபயோகிக்கிற அலுமினியத் தகட்டை மரத்தோடு ஒட்டிப் புதிய கட்டை செய்தார். சறுக்கு ஆசிரியர்கள் ஓட்டிப் பார்த்து ஒடித்துக் கொடுத்தார்கள். மறுபடியும் செய்தார். மறுபடியும் ஒடித்தார்கள். மூன்று குளிர்காலம் இந்த யுத்தம் நடந்து, 1950-ல் ஒடியாத கட்டை ஒன்று பிறந்தது. மரக்கட்டையின் காலம் அத்தோடு போயிற்று.

ஷெர்மன் பாப்பென் என்று இன்னொருவர். மிச்சிகன் மாநிலத்துக்காரர். 1965-ம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று தம் பெண்குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதற்காக இரண்டு கட்டைகளைச் சேர்த்து முடுக்கி ஒரே பலகையாக்கி, அதன்மேல் நிற்க வைத்துப் பனிமேட்டில் சறுக்க விட்டார். அவர் மனைவி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தாள். சிறு வயதில் அந்தப் பலகையில் விளையாடிய ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர் 1977-ல் வெர்மான்ட்டில் ஸ்னோபோர்டு செய்கிற தொழிலை ஆரம்பித்தார். அந்தப் பலகையோடு வந்தவர்களைப் பல சறுக்குத் தலங்களில் உள்ளேயே விடவில்லையாம். 1998-ல் நாகானோவில் அது ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது.

இதையெல்லாம் அவள் சொன்ன அழகைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பெருமை அவளுடைய ஸ்டாலுக்குப் போய்ச் சேரும் வரையில்தான்.

அங்கே அவள் செய்த வேலைகளைச் சொல்கிறேன். அட்டைப் பெட்டிகளைக் கத்தியால் கீறிப் பிரித்தாள். கையுறைகளை அளவுவாரியாகக் கம்பியில் மாட்டினாள். வருகிறவர்கள் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றி மாட்டிய ஜோடிகளைத் திரும்பச் சேர்த்தாள். மேலாளர் அம்மாளுக்குக் காபி வாங்கி வந்தாள். தரைக் கம்பளத்தைப் பெருக்கினாள். வந்தவர்களின் அட்டையை ஒரு சின்ன யந்திரத்தால் தடவி விலாசம் பதிந்தாள். மற்ற நேரமெல்லாம் நின்றாள். நாள் முழுவதும் நின்றாள்.

'உள்ளபடி சொல்லு' என்றாளே அக்கா! எதை உள்ளபடி சொல்வது?

"இதுக்குத்தான் இவ்வளவு படிப்பா, அம்மா?" என்று மத்தியானம் மெதுவாகக் கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. "மாமா, இந்தப் பெட்டியைப் பிரிச்சாத்தான் எந்தச் சரக்கு எந்த அளவிலே வருதுன்னு தெரியும். புஸ்தகத்திலே அது இல்லை" என்றாள். பிறகு ஒரு கையுறையை எடுத்து என் கையில் மாட்டினாள். ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை உள்ளது. மறுகையில் இன்னொன்றை மாட்டினாள். அதில் கட்டைவிரலுக்கு மட்டுந்தான் தனி அறை. மற்ற நான்கு விரலும் ஒரே பைக்குள். "எதிலே சூடு அதிகம், சொல்லுங்க?"

"தனி அறையில்."

"இல்லை. கூட்டுக் குடும்பத்திலே. விரல் நாலும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டிருந்தா ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்குப் போகும்."

கையுறைக்காரி பேச்சில் கெட்டிக்காரியாகத்தான் ஆகியிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் தன் நிலைமையை எனக்கு விளக்கினாள். மே மாதம் படிப்பு முடிகிறது. அதன் பிறகு ஒரு வருஷம் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கண்காட்சியில் திருப்தியாக நடந்துகொண்டால் மே மாதத்துக்குப் பிறகு தங்களிடமே எடுத்துக்கொள்வதாக மேலாளர் அம்மாள் சொல்லியிருந்தாள். இதை எழுத்தில் கொடுக்கவில்லை, வாய்வார்த்தைதான். அந்த வாய்வார்த்தையின் மேல் அக்காவின் வீடு நின்றுகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் ஸ்டாலின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரத்தைக் கவனித்தேன். கவனிக்கக் கவனிக்க எனக்கு என்னவோ செய்தது. ஜனவரியில் மாதிரி பார்த்து, அதற்குப் பின்வரும் வாரங்களில் ஆர்டர் எழுதி, கோடைக்காலத்தில் சரக்கு தயாராகி, குளிர்காலத்துக்கு முன்னால் கடைக்கு வந்து, விற்ற பிறகு பணம் கட்டுவது. முன்கூட்டி எழுதினால் ஒரு கழிவு. அதிகமாக எழுதினால் இன்னொரு கழிவு. எல்லாம் வானத்தை நம்பி! பனி விழுந்தால் கடைக்காரர் பிழைத்தார். விழாவிட்டால் பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடங்கில் கிடக்கும். மார்ச் மாதத்தில் பாதி விலைக்குத் தள்ள வேண்டும்.

எனக்கு இந்த வியாபாரம் தெரியும். நான் பிறந்து வளர்ந்ததே இந்த வியாபாரத்தில்தான். என் தகப்பனார் கும்பகோணத்தில் குடைக்கடை வைத்திருந்தார்.

அன்று இரவு அவளுடைய அறையில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னேன். அவள் பாதி கேட்டிருந்தாள். முழுவதும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் முழுவதும் யாரும் சொல்வதில்லை.

எங்களுக்கு மழை ஐப்பசியில். குடைக்கு ஆர்டர் ஆடியிலேயே கொடுத்துவிட வேண்டும். பட்டணத்திலிருந்து ஏஜெண்ட் வருவார். நல்ல மனிதர். எனக்கு மிட்டாய் வாங்கி வருவார். அப்பா அவருக்கு இலை போட்டுச் சாப்பாடு போடாமல் அனுப்பமாட்டார். 1995-ம் வருஷம் ஆடியில் அவர் வந்தபோது, முந்தின வருஷத்துச் சரக்கே கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பா தயங்கினார். ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே, "நாற்பது டஜன் எழுதினா கழிவு அதிகம். மழை வராமலா போயிடும்?" என்றார். அப்பா எழுதினார்.

அந்த ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையிலும் வரவில்லை. நாற்பது டஜன் கறுப்புக் குடைகள் கடையின் பரணில் வௌவால்களைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. தை மாதம் பணம் கட்ட வேண்டும். அப்பா கடையைக் கை மாற்றினார். அம்மாவின் வளையல் போயிற்று. நான் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு நின்று ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். அச்சகத்தில் சேர்ந்ததால் புரூஃப் பார்த்தேன், புரூஃப் பார்த்ததால் கதை எழுதினேன் என்று மேடையில் வேடிக்கையாகச் சொல்வது என் வழக்கம். அதில் வேடிக்கை ஒன்றும் கிடையாது. எனக்கு ரசாயனம் படிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் கடைக்கு வருவதற்கு முன்னால் அந்த ஏஜெண்ட் தஞ்சாவூருக்கும் மாயவரத்துக்கும் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். எல்லாக் கடையிலும் பழைய சரக்குத் தேங்கிக் கிடப்பது அவருக்குத் தெரியும். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா பத்து டஜனோடு நிறுத்தியிருப்பார். நான் கொதித்தேன். அப்பாவோ, "அவர் வேலை விற்கிறது. என் வேலை யோசிக்கிறது. நான் யோசிக்கலை" என்று முடித்துவிட்டார். கடைசி வரையில் அந்த மனிதரைப் பற்றி ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

பெண் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல். ஸ்டாலில் ஒரே கூட்டம். மேலாளர் அம்மாள் ஒரு பெரிய கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு கிழவர் வந்தார். எழுபது வயதிருக்கும். வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஒரு மைல் உயரம் அவரையும் கிறுகிறுக்க வைத்துவிட்டது. பெண் ஓடிப்போய் அவரைப் பிடித்து என் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கிழக்கே வெர்மான்ட்டில் ஒரு மலையூரில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். அந்த 2015-ம் வருஷத்து டிசம்பர் அமெரிக்காவில் அதுவரை பதிவானவற்றிலேயே வெப்பமான டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முன்தினம் நியூயார்க்கில் 72 டிகிரி அடித்தது. நம் கணக்கில் 22 டிகிரி. ஜனங்கள் கோட்டு இல்லாமல் நடந்தார்கள். கிழக்கு மலைகளில் புல் தெரிந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் சறுக்க யாரும் வரவில்லை. அந்த ஒரு வாரம் அந்தக் கடைகளுக்கு நம்முடைய தீபாவளி மாதிரி. அது போனால் வருஷம் போயிற்று.

"போன வருஷம் மாதிரியே 300 ஜோடி எழுதிக்கொள். அடுத்த வருஷமாவது பனி விழும்" என்று கிழவர் சொன்னார். அதற்கு மேல் கழிவு உண்டா என்றும் விசாரித்தார். உண்டு. 300-க்கு மேல் எழுதினால் நூற்றுக்கு ஐந்து.

அவர் பேசிய இங்கிலீஷ் வார்த்தைகள் வேறு. ஆனால் என் காதில் விழுந்தது, 'மழை வராமலா போயிடும்' என்பதுதான்.

பெண் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. அந்த யந்திரத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் தரையில் முழந்தாளிட்டு உட்கார்ந்து, "போன வருஷத்துப் பெட்டியில் எத்தனை ஜோடி மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டாள்.

"ஒரு 180 இருக்கும்."

"என்ன நிறம்?"

"பெரியவர்களுக்கான கறுப்புத்தான் முக்கால்வாசி."

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். கழிவில் ஒரு ஜோடிக்கு நூற்றுக்கு ஐந்து மிச்சம். மார்ச்சில் வாங்கின விலையில் பாதிக்குத் தள்ளினால் ஒரு ஜோடிக்கு ஐம்பது நஷ்டம். விற்காத ஒரே ஒரு ஜோடி, பத்து ஜோடியின் கழிவை விழுங்கிவிடும். கறுப்புக் கையுறையில் இந்த வருஷம் மாற்றம் ஒன்றும் இல்லை. பழைய பெட்டியையே அடுத்த வருஷம் பிரித்து விற்கலாம். குழந்தைகள் அளவு மட்டும் எழுதினால் போதும். பனி குறைந்தாலும் குழந்தைகளின் கை வளராமல் இருக்காது. தாய்மார்கள் வாங்கத்தான் வேண்டும்.

கிழவர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு 70 ஜோடிக்குக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது அவள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். கூட்டத்தின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவளிடம் பிறகு கேட்டேன். "அது எனக்குச் சொன்னது, மாமா" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் மேலாளர் அம்மாள் ஆர்டர்களைப் புரட்டிக்கொண்டு வந்தவள் அந்த 70-ல் நின்றாள். பழைய வாடிக்கைக்காரர் எப்போதும் 300-க்குக் குறைந்ததில்லையே என்று கேட்டாள். பெண் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நான் நாலடி தள்ளி, பெட்டி அடுக்குகிற பாவனையில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் தொடர்கதையாக இருந்தால் அந்த அம்மாள் ஒரு ராக்ஷசியாக மாறியிருப்பாள். வாஸ்தவத்தில் அவள் சத்தமே போடவில்லை. களைப்பாகத் தெரிந்தாள். அவள் சொன்னதன் சாரம் இதுதான்: "அவருக்கு நீ நல்லது செய்தாய். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் தொழிற்சாலைக்கு ஏற்கனவே தோலும் துணியும் வாங்க வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் எழுதாத 230 ஜோடி என் தலையில் நிற்கிறது. அவருக்கு ஒரு பாங்கி இருந்தால் எனக்கும் ஒரு பாங்கி இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டியவர் அவர். நீ இந்தப் பக்கம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

கண்காட்சி நாலாம் நாள் முடிந்தது. பெட்டிகளைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டு, பெண் வந்தனம் சொன்னாள். மேலாளர் அம்மாள் கை குலுக்கினாள். கல்லூரிக்கு நல்லபடியாகவே எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். மே மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்தோம். கரடி வழக்கம்போல உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. மேற்கே மலைகளில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நாலு நாளாக எதிர்பார்த்த குளிர் அப்போதுதான் வந்தது. பெண் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"மாமா, நான் செஞ்சது தப்பா?"

வாசகர்களே, என் நாவல்களில் இப்படிக் கேள்வி கேட்கும் பெண்களுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். தர்மம், சத்தியம், மனச்சாட்சி என்று எழுதி, அதற்காகப் பாராட்டுக் கடிதங்களும் வாங்கியிருக்கிறேன். இரண்டு நாளைக்கு முன்னால் ரசம் சாதத்தோடு குடைக்கதையைப் பரிமாறியவனும் நானே. அவள் அதைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் என் கண் முன்னால் வந்து நின்றது பாங்கிக் காகிதத்தில் நான் போட்ட கையெழுத்துத்தான்.

"தப்புன்னு சொல்லலை. கொஞ்சம் யோசிச்சுப் பண்ணியிருக்கலாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வரையில் இரண்டு பேரும் பேசவில்லை. அப்பாவின் கடையை விற்ற அன்று ஏஜெண்டின் மேல் எனக்கு வந்த கோபம் முழுவதும் இப்போது என் மேலேயே திரும்பியது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லிக் கெடுத்தேன். இரண்டில் எது சின்ன பாவம்?

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் போனேன். "நல்லா வேலை செய்யறா. எல்லாரும் மெச்சிக்கிறாங்க" என்று ஆரம்பித்தேன். அக்கா காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "உள்ளபடி சொல்லுன்னு சொன்னேன்" என்றாள். சொன்னேன். என்னுடைய அந்தப் பதிலையும் சேர்த்தே சொன்னேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. வேலை போனதைப் பற்றிக் கொஞ்ச நேரம் சத்தம் போட்டாள். மாதம் எவ்வளவு வட்டி என்று எனக்கு நினைவுபடுத்தினாள். பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சொன்னாள்:

"அந்தக் குடை ஏஜெண்ட் இருந்தாரே, அப்பா சாகிறவரைக்கும் அவருக்குப் பொங்கலுக்குக் கடுதாசி போட்டார், உனக்குத் தெரியுமா? பதிலே வரலை. அவருக்கு அப்பா முகத்திலே முழிக்க முடியலை. என் பொண்ணுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அந்தக் கிழவர் எங்கே பார்த்தாலும் அவ நிமிர்ந்து பேசலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வட்டி வட்டிதான்" என்றாள்.

நான் எழுதிய எந்தப் பக்கத்திலும் இவ்வளவு சரியாகக் கணக்கு முடித்ததில்லை.

அன்று ராத்திரியே பெண்ணைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு நீ கேட்டதுக்குத் தப்பான பதில் சொல்லிட்டேன், அம்மா. நீ செஞ்சது சரி. பயத்திலே அப்படிச் சொன்னேன்" என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தம் இல்லை. "எனக்குத் தெரியும், மாமா. உங்க குரல் அன்னிக்கு உங்க குரல் மாதிரியே இல்லை" என்றாள்.

தர்மம் தலை காத்தது என்று முடித்தால் கதைக்கு அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் போய், அனுமதி ஆரம்பமாகி, அந்த 90 நாளில் எண்பது சொச்சம் கழிந்தது. அக்கா தினமும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வேறொரு மாநிலத்தில், மளிகைச் சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே அவள் உத்தியோகம், எந்தச் சரக்கை எவ்வளவு வாங்கக் கூடாது என்று சொல்வதாம். கடன் அடைந்து, பத்திரம் வீட்டுக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன.

அந்தக் கண்காட்சியைச் சங்கத்தார் 2017-ல் வேறொரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 2018 ஜனவரியில் அது வேறொரு கண்காட்சியோடு சேர்ந்துவிட்டது. 2023-ல் அதுவும் டென்வரை விட்டு சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது. அதைப் படித்தபோது, இனிமேல் அந்தக் கரடி யாரை எட்டிப் பார்க்கும் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அதே 2016-ம் வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் 62 சதவீதம் குறைவு என்று சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. அந்தக் கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தேன். கடைத்தெருவில் வெயில் தகித்தது. ஒரு சின்னக் கடையின் வாசலில் புதுக் குடைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே ஒரு மனிதர் விசிறிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

உள்ளே போய் ஒரு கறுப்புக் குடை கேட்டேன்.

"மழை வரும்னு நினைக்கிறீங்களா, சார்?" என்று ஆவலோடு கேட்டார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தெரியாதுங்க. அடுத்த ஆர்டர் போடறப்போ பழைய சரக்கை எண்ணிட்டுப் போடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குடையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.